முனியாண்டி வளைவில் நிற்காமல் வந்த கார்

பலாங்கொடையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்குக்கு ஏறும் பாதையில் கடைசி இரண்டு மைலுக்குத் தார் கிடையாது. கல்லும் சேறும்தான். மழைக்காலத்தில் அந்த இரண்டு மைலை ஏறிவரச் சம்மதிக்கும் கார் ஒன்றே ஒன்று. அது அழகமுத்து அண்ணனுடையது. எங்கள் லயங்களின் வரிசை வீடுகளில் எதற்குப் போனாலும் கதவுக்குப் பின்னால் கரியால் ஒரு தொலைபேசி எண் எழுதியிருக்கும். பெயர் இருக்காது, பத்து இலக்கம் மட்டும். யாருடைய எண் என்று கேட்பவன் வெளியூர்க்காரன்.

நானும் இப்போது பாதி வெளியூர்க்காரன்தான். மஸ்கட்டில் ஒன்பது வருடமாக வேலை. போன கார்த்திகையில் பத்து நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தேன். என் அத்தை இராஜத்துக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை கண் சத்திரசிகிச்சை. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். காலை ஏழரைக்குள் போய்ச் சேராவிட்டால் பெயர் வரிசையின் அடிக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சனிக்கிழமை பஸ் நிலையத்துக்கு அழகமுத்து அண்ணன் வந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. நெற்றியில் எப்போதும் இருக்கும் திருநீறு அன்று இல்லை. தொழிற்சாலையில் மூட்டை தூக்கி, கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, அந்த லொறியிலேயே ஓட்டப் பழகி, கொழும்பில் ஒரு வீட்டுக்கு ஆறு வருடம் கார் ஓட்டி, அந்த வீட்டார் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பழைய வெள்ளைக் காரைத் தவணையில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். அவர் மனைவி இன்னும் கொழுந்து எடுக்கிறார். "கார்க்கார வூட்டம்மா" என்று மலையில் மற்றப் பெண்கள் கூப்பிட்டால் கூடையை ஆட்டிக்கொண்டு சிரிப்பாராம்.

தார் முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு பாறை ஓரம் காரை நிறுத்தினார். இறங்கி முன் டயரின் வால்வில் ஆணியை வைத்து அழுத்தினார். சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. வாய்க்குள் இருபது வரை எண்ணினார். அடுத்த பக்கமும் அப்படியே.

"காத்துப் போயிருச்சா அண்ணே?" என்றேன்.

"போவல தம்பி, நாந்தான் போக்குறேன். மொத்தமா இருந்தா கல்லுல வழுக்கும். கொறச்சிட்டா பாதம் விரிஞ்ச மாதிரி கப்புனு புடிச்சிக்கும். எறங்கி வர்றப்ப கால் பம்புல அடிச்சிக்கிட்டு, டவுனுக்குப் போயி சரியா முப்பது பவுண்டு காத்து வச்சிக்கிறது. பதினெட்டு வருசமா இதுதான்."

"எப்பவும் இங்கயா நிப்பாட்டுவீங்க?"

"இல்ல, அந்தா முனியாண்டிகிட்ட." அடுத்த வளைவில் ஆலமரத்தடிச் சூலத்தை முகவாயால் காட்டினார். "ஏறுறப்ப கும்புட்டுட்டுக் காத்தப் போக்குறது. எறங்குறப்ப துண்ணூறு பூசிக்கிட்டு அடிக்கிறது. இப்ப தீட்டு. பங்காளி ஒருத்தரு வியாழக்கெழம செத்துட்டாரு. பதினாறு முடியிற வரைக்கும் அங்க நிக்கக்கூடாது."

காருக்குள் ஏறிய பிறகு மீதியையும் சொன்னார். வியாழக்கிழமை மேலே ஒரு நோயாளியை இறக்கிவிட்டு நின்றபோதுதான் நிவித்திகலையிலிருந்து சாவுச் செய்தி வந்திருக்கிறது. தீட்டோடு முனியாண்டி முன்னால் எப்படி நிற்பது? நிற்காமல் வளைவைக் கடந்துவிட்டார். நிற்காததால் காற்றும் அடிக்கவில்லை. அந்த இடத்தில் நின்றால் கை தானாகப் பம்புக்குப் போகும். நிற்காவிட்டால் பம்பு என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. டவுனில் கூட நிறுத்தாமல், பிணம் எடுப்பதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று வழவழப்பான கார்ப்பெட் தார் ரோட்டில் விரட்டியிருக்கிறார். பெல்மதுளையும் தாண்டி, இரத்தினபுரி கிட்ட வரும்போதுதான் ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்திருக்கிறது.

"பெட்ரோல் ஷெட்டுல நிப்பாட்டிப் பாத்தா வலது பக்கம் பதினாலு, இடது பக்கம் எட்டு. வால்வுல மண்ணு சிக்கி சரியா மூடல, அதுல வேற கசிஞ்சிருக்கு. தொட்டுப் பாத்தேன், தோசக்கல்லு மாதிரி சூடு. ஆற வச்சி, மண்ணத் தட்டி, காத்தடிச்சேன். போயி பொணத்தத் தூக்கிப் போட்டுட்டு வந்துட்டேன். ஒன்னும் ஆவல."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. திங்கட்கிழமை அத்தை இந்த டயரில்தான் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். நான் வேலை செய்யும் ஊரில் காற்றுக் குறைந்தால் வண்டியே விளக்கெரித்துச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு செய்யவேண்டியது பற்றி நான் யோசித்ததே இல்லை. அன்று மாலை சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தாங்கி ஓரம் நின்று தேடித் தேடி வாசித்தேன். குறைந்த காற்றில் வேகமாக ஓடிய டயரின் பக்கச் சுவர் உள்ளுக்குள்ளே மடிந்து மடிந்து உடைந்திருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது, கழற்றித்தான் பார்க்கவேண்டும் என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்.

ஞாயிறு காலை அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். காரைக் கழுவிக்கொண்டிருந்தார். இடது முன் டயரின் முன்னால் குந்தி, விரலால் அதன் ஓரத்தைத் தடவிக் காட்டினார்.

"பாருங்க, புது டயருல இருக்கிற ரப்பர் முடி கூட இன்னும் போவல. நாலு மாசம்தான். மூணு நாளா ஓடியும் இருக்கு. வெடிக்கிறதா இருந்தா அன்னைக்கே வெடிச்சிருக்கும்ல?"

"உள்ள பாக்கணும் அண்ணே. வெளிய தெரியாதாம்."

"யாரு சொன்னா?"

"இன்டர்நெட்டுல போட்டிருக்கு."

"இன்டர்நெட்டுக்காரன் நம்ம மலைக்கி வந்திருக்கானா?"

என் பின்னாலேயே சுவரைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்திருந்த அத்தைக்குக் கண் மங்கலே தவிரக் காது கூர்மை. முப்பது வருடம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தவர். மலைக்குப் போன தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகளில் அழகமுத்துவும் ஒருவர். அந்த உரிமையை அத்தை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

"டேய் முத்து, மடுவத்துல ஒனக்குப் பேதின்னா நான் வெளிப்பக்கத்தப் பாத்தா மருந்து குடுத்தேன்? கழட்டிக் காட்டுனா ஒனக்கு என்னா கொறஞ்சி போவுது?"

"ஏன் இராஜக்கா காலங்காத்தால மானத்த வாங்குற?" கையிலிருந்த துணியைப் பிழிந்து உதறினார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "இல்ல தம்பி, இந்த ரெண்டு டயரும் எம்மக கலைச்செல்வி வாங்கிக் குடுத்தது. டீச்சர் வேலையில மொதச் சம்பளம். அம்மாவுக்குச் சேல, எனக்கு டயரு. சட்ட வாங்கியிருந்தா இந்நேரம் கிழிஞ்சிருக்கும்னு நானே எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நாலே மாசத்துல நான் பாழாக்கிட்டேன்னு அதுகிட்ட எப்புடிச் சொல்றது?"

அவர் கழற்றிப் பார்க்கத் தயங்கியது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. பார்க்காத வரைக்கும் டயர் நல்ல டயர்.

இருந்தாலும் அத்தை சொல்லிவிட்டால் மறுக்கிற ஆள் இல்லை. பதினொரு மணிக்கு நாங்கள் இருவரும் பலாங்கொடையில் ஜுனைதீன் நானாவின் டயர் கடையில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை அரைநாள்தான் திறப்பார். பெரிய உடம்பு, சின்னக் குரல். டயரை வெளியே இருந்து பார்த்து எதுவும் சொல்லவே மாட்டார் என்று ஊரில் பெயர்.

"எட்டுலயா ஓட்டின? எவ்வளவு தூரம்?"

"அம்பது கிலோமீட்டர் இருக்கும் நானா."

"எவ்வளவு வேகம்?"

அழகமுத்து அண்ணன் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தார்.

"சாவு வூட்டுக்குப் போற வேகம்."

ஜுனைதீன் நானா ஜாக்கியை உருட்டிவந்தார். முதலில் வலது பக்கத்தைக் கழற்றி, ரிம்மிலிருந்து பிரித்து, உள்ளே கையை விட்டுச் சுற்றிவரத் தடவினார். கை சுத்தமாக வந்தது. விளக்கைப் பிடித்தும் பார்த்தார். "இது நல்லா ஈக்கிது. பயப்படாம பூட்டலாம்."

அழகமுத்து அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நானும் மூச்சு விட்டேன்.

பிறகு இடது பக்கம். பிரித்தவுடன் உள்ளிருந்து ஏதோ சரசரத்தது. நானா ஒரு பழைய பேப்பரைத் தரையில் விரித்து டயரை அதன் மேல் சாய்த்துத் தட்டினார். மிளகைப் பொடித்த மாதிரி கருப்புத் தூள் கொட்டியது. ஒரு கைப்பிடி இருக்கும்.

"இது வெளிய இருந்து போன மண்ணு இல்ல. டயர் தன்னத்தானே அரைச்சிருக்கு." பக்கச் சுவரின் உட்புறத்தில் விரலை ஓடவிட்டார். வட்டம் முழுவதும் ஒரு மடிப்புக் கோடு. அங்கே கட்டைவிரலால் அழுத்தினார், ஊறிய அப்பளம் போல உள்ளே போனது. "வந்து நீயே அழுத்திப் பாரு முத்து."

அவர் குனிந்து அழுத்தினார். மற்ற டயரையும் அழுத்திப் பார்த்தார். மீண்டும் இதற்கு வந்தார்.

"டியூப் ஒன்னு போட்டா?" என்றார்.

"டியூப் காத்தப் புடிக்கும். காரப் புடிக்க ஏலாது."

"நாளைக்கி ஒரு நாளைக்கி மட்டும் நானா. மெதுவா போறேன். முப்பதுக்கு மேல போவ மாட்டேன்."

"போகலாம்."

"போகலாமா?"

"போகலாம். நாளைக்கே வெடிக்கும்னு நான் சொல்லல்ல. வெடிக்காதுன்னு சொல்ல எனக்கு ஏலாது, அவ்வளவுதான். போய்த்து அந்த வாங்குப் பலகையில உக்காந்து யோசி. பிளேன்டீ குடி."

வாங்கில் உட்கார்ந்து தேநீரை ஆறவைத்தார். பிறகு போனை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார், காதில் வைத்தால் எதிர்ப்பக்கம் கேட்காது என்று ஒரு நம்பிக்கை.

"கலை, அப்பா பேசுறேன். சாப்டியா?"

"மணி பதினொன்ற அப்பா. என்னா விசயம்?"

சொன்னார். வியாழக்கிழமையிலிருந்து தொடங்கி, பங்காளியின் வயது, சாவு வீட்டில் எத்தனை பேர் என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் டயருக்கு வந்தார்.

"தீட்டுல முனியாண்டிகிட்டத்தானப்பா நிக்கக்கூடாது? ரோட்டுல நிக்கக்கூடாதுன்னு எவனாச்சும் சொன்னானா? பத்தடி தள்ளி நிப்பாட்ட ஏலாதா?"

"இப்ப பாறகிட்டதான் நிப்பாட்டுறேன்."

"இப்ப வந்த புத்தி அன்னைக்கி எங்க போச்சு?"

"அன்னைக்கி அது நிவித்திகலைக்கிப் போயிருச்சி."

அவள் சிரித்துவிட்டாள். பக்கத்தில் யாரோ "யாரு டீச்சர்?" என்று கேட்பதும், "எங்கப்பா, டயரத் தின்னுட்டு நிக்கிறாரு" என்று அவள் சொல்வதும் கேட்டது. பிறகு, "நாளைக்கி ஆயம்மாவ ஏத்திக்கிட்டுப் போறீங்கதான? மாத்திருங்கப்பா. எனக்கு இண்டர்வெல் இல்ல, பரீட்சைக்கு ஞாயிறு செமினார் நடக்குது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அழகமுத்து அண்ணன் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

இதற்கிடையில் கடை வாசலில் வேன் ஒன்றுக்குக் காற்றடிக்க வந்த ஒரு சிங்களவர் அந்த டயரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் பழைய வேன். வெளியே இருந்து பார்த்தால் டயர் புத்தம் புதிதுதானே.

"ஐயே, மேக்க மட்ட தெனவாத?" என்றார். இதை எனக்குத் தருகிறீர்களா என்று. காசும் தருவதாகச் சொன்னார். காற்றுக் குறைவாக ஓடியது என்று அண்ணன் சிங்களத்தில் விளக்கினார். அவருடைய சிங்களம் சிங்களவருடையதைப் போலவே இருக்கும். வேன்காரர் தலையை ஆட்டினார். பரவாயில்லை, பின் பக்கம்தான் போடுவேன், பிள்ளைகள் என்ன பாரம் என்றார்.

அண்ணன் அவரையும் வேனின் சன்னல் கம்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய் நானாவின் மேசையிலிருந்து டயர் வெட்டும் வளைந்த கத்தியை எடுத்தார். டயரைக் காலால் மிதித்துக்கொண்டு பக்கச் சுவரில் குத்தி இழுத்தார். சாண் நீளத்துக்கு வாய் பிளந்தது. இன்னொரு பக்கம் இன்னொரு வெட்டு. வேன்காரர் "அனே அபராதே!" என்று கையை உதறினார், நல்ல சாமானை வீணாக்கிவிட்டீர்களே என்று.

"அபராதே தமாய்," என்றார் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு. வீண்தான், ஆமாம். பிறகு வெட்டின வாயைப் பிரித்து உள்ளே நைந்து தொங்கிய நூல்களை வேன்காரருக்குக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு தன் வேனின் நாலு டயரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, பின்னால் ஒன்றைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்.

"சரி, இப்ப எனக்கு வேல கூடிச்சு," என்றார் ஜுனைதீன் நானா.

அந்த அளவு டயர் அவரிடம் இல்லை. பலாங்கொடையில் மற்றக் கடைகள் ஞாயிறு பூட்டு. நானா இரத்தினபுரியில் தன் மச்சான் முக்தாருக்குப் போன் போட்டார். முக்தார் ஒரு டயரைப் பலாங்கொடை வழியாகப் போகும் பதுளை பஸ்ஸில் ஏற்றி, பஸ்ஸின் இலக்கத்தைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் மருந்து, கல்யாணப் பத்திரிகை, கோழிக்குஞ்சு எல்லாம் இப்படித்தான் பயணம் செய்யும். எங்களுக்காக நானா கடையைப் பூட்டாமல் வைத்திருக்க, இரண்டரை மணிக்கு பஸ் வந்து நின்றது. டயர் கடைசி ஆசனத்துக்கு முன்னால் படுத்திருந்தது, அதன் நடுவில் ஒரு அம்மா பலாக்காய்ப் பையை வைத்துக்கொண்டு வந்திருந்தார். பையை அவர் மடிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அண்ணன் டயரைத் தோளில் மாட்டிக்கொண்டார். எனக்கு ஒரு குறை: வலது டயருக்கும் இடது டயருக்கும் மேல் வெட்டுப் பூ வேறு வேறு. நானாவிடம் கேட்டேன்.

"அளவு ஒன்னு. தேய்மானமும் கிட்டத்தட்ட ஒன்னு. பூ வேற எண்டா பரவாயில்ல," என்றார். "நீங்க மிச்சம் கூடுதலா யோசிக்கிறீங்க தம்பி. ஆனா நேத்து யோசிச்சது நல்லது."

திங்கள் விடிய ஐந்துக்குக் கார் வாசலுக்கு வந்துவிட்டது. இரவெல்லாம் மழை. அத்தை புதுச் சேலை கட்டி, வெறும் வயிற்றோடு, மடியில் ஆஸ்பத்திரித் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின் ஆசனத்தில் இருந்தார். கல்லில் இறங்கும்போது கார் தொட்டில் போல ஆடியது. பாறை ஓரம் நிறுத்தி, அண்ணன் கால் பம்பை மிதித்தார். நான் குடை பிடித்தேன். அவர் மிதித்த எண்ணிக்கையை நானும் மனதுக்குள் எண்ணினேன்.

"என்னாடா, காத்தடிக்கிறீங்களா, கூத்தடிக்கிறீங்களா? நேரம் போவுது," என்று அத்தை உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"ஒன் கண்ணு பத்தரமா போவணும்னுதான் இராஜக்கா மிதிக்கிறேன்."

"என் கண்ணு எங்கிட்டதான் இருக்கு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

ஜுனைதீன் நானா அந்த நேரத்துக்கே கடைக் கதவைப் பாதி தூக்கி வைத்திருந்தார். சாரத்தோடு வந்து நாலு டயரிலும் முப்பது வைத்துவிட்டு, அத்தையிடம் "துஆ செய்றேன் உம்மா" என்று சொல்லிக் கதவை மூடினார். அங்கிருந்து இரத்தினபுரி வரை அண்ணன் பாட்டுப் போடவில்லை. சன்னலை அரை விரல் இறக்கி வைத்திருந்தார், டயரின் சத்தம் கேட்கவேண்டுமாம். வளைவுகளில் நான் முன் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். பெல்மதுளை தாண்டியதும் கை தானாக விட்டுவிட்டது. அத்தை தூங்கிப்போயிருந்தார்.

ஏழு மணி ஐந்துக்கு ஆஸ்பத்திரி வாசல். அத்தையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் பெயர் பதியப் போனேன். திரும்பி வந்து கார் நிற்கும் இடத்தைப் பார்த்தேன். அண்ணன் ஒவ்வொரு டயராகக் குந்தி உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. நாலையும் பார்த்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"நாலும் ஒரே சூடு," என்றார்.

ஏழே முக்காலுக்குத் தாதி கதவைத் திறந்து சிங்கள வாடையில் "ராஜம்மா!" என்று கூப்பிட்டார். அத்தை எழுந்தார். காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார், துண்டைத் தாதியின் கையில் கொடுத்தார். அழகமுத்து அண்ணன் நிற்கிற பக்கம் குத்துமதிப்பாகத் திரும்பி, "முத்து, நீ சாப்டு," என்றார். கதவு மூடியது.

அண்ணன் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"நேத்து மத்தியானத்துல இருந்து சோறு எறங்கல தம்பி. இப்ப பசிக்கிது."

வீதிக்கு எதிரே கடையில் சூடாகத் தேங்காய் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டச் சம்பலோடு இரண்டு தின்றார். மூன்றாவதைக் கேட்டார். நாலாவதுக்கு அவர் கேட்காமலே கடைக்காரர் தட்டில் போட்டார், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.